பெவ் ஊதாக் கவுனோடு ஓடிய கதை

இந்தக் கதையை எங்கள் ஊர்க் கிளப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பியர் கிளாஸைக் கீழே வைப்பேன். எழுந்து நிற்பேன். மடித்த துண்டு ஒன்றை ஃபெரெட்டாகப் பாவித்து ஒரு கையில் தொங்கவிட்டு, மறு கையால் இல்லாத கவுனின் முன்பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேஜைகளுக்கு நடுவில் என் மனைவி பெவ் மாதிரியே ஓடிக் காட்டுவேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். பெவ்வும் சிரிப்பாள். அவளுடைய கை அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் பார்த்ததில்லை.

நடந்தது இவ்வளவுதான். பட்டன் எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பட்டன் ஒரு பெண் ஃபெரெட். கீரிப்பிள்ளையை ஈரத்துணி மாதிரி பிழிந்து நீட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். எங்கள் ஊரில் நிலக்கரிச் சுரங்கம் ஓடிய காலத்திலிருந்து ஆண்கள் இதைக் கொல்லைக் கூண்டில் வளர்த்தார்கள், ஞாயிற்றுக்கிழமை வலையோடு தூக்கிப்போய் முயல் வளைக்குள் விட்டார்கள். சோபாவில் படுக்கவைத்து வளர்ப்பதெல்லாம் பெவ் செய்த வேலை. அவள் கடற்கரைப் பக்கத்துக்காரி. என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். ஃபெரெட்டை அதற்கு முன் தொட்டதே இல்லை.

ஃபெரெட் ஒரு நாளில் முக்கால் பங்கு தூங்கும். சில சமயம் அந்தத் தூக்கம் எங்கோ அடிக்குப் போய்விடும். தூக்கினால் கழுத்து தொங்கும், நாலு காலும் தொங்கும், நெஞ்சு அசைவதுகூடத் தெரியாது. காதுக்குள் கத்தினாலும் எழுந்திருக்காது. பிணத்தூக்கம் என்போம். இரண்டு மூன்று நிமிஷம் உலுக்கினால் கண்ணைத் திறந்து, யாரடா நீ என்பதுபோல் பார்க்கும். ஊரில் ஃபெரெட் வளர்த்த ஒவ்வொருத்தனும் முதல் தடவை ஏமாந்திருப்பான். ஏமாந்ததை ஒருத்தனும் வெளியே சொல்லமாட்டான். அடுத்தவன் ஏமாறும் வரை காத்திருந்து, அவனைப் பார்த்துச் சிரிப்பான்.

அன்றைக்குக் காலை நான் ரொட்டி ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு மேலே படுத்திருந்தேன். கீழே பெவ் பட்டனைத் தூக்கியிருக்கிறாள். துணிபோல் தொங்கியிருக்கிறது. என்னைக் கூப்பிட்டாளாம், நான் எழுந்திருக்கவில்லையாம். ஊதா நிற டிரெஸ்ஸிங் கவுன், வீட்டுச் செருப்பு, தலையில் சுருட்டை க்ளிப்புகள், அப்படியே தெருவில் ஓடினாள். மிருக டாக்டர் எங்கள் தெருமுனைதான். நடுவில் பஸ் ஸ்டாப். ஏழே முக்கால் பஸ்ஸுக்கு நின்ற முப்பது பேரும் பார்த்தார்கள். டாக்டர் பெக்கின் மேஜையில் போட்டதும் பட்டன் கொட்டாவி விட்டது, எழுந்தது, மேஜையிலேயே கக்கா போய்விட்டுப் பெவ்வின் விரலை நக்கியது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குக் கிளப்பில் ஆள் ஆளுக்குப் போட்டு அவளுக்குப் புது ஓட்டப்பந்தய ஷூ வாங்கிக் கொடுத்தார்கள். மேடைக்குக் கூப்பிட்டுத்தான் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அவள் அந்த ஊதாக் கவுனைப் போட்டு நான் பார்க்கவில்லை.

டாக்டர் பெக் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "ஓடி வந்தது சரிதான். சந்தேகமா இருந்தா மறுபடியும் ஓடி வாங்க" என்று பெவ்விடம் சொல்லியிருக்கிறார். அந்த வரியை நான் கதையில் சேர்த்ததே இல்லை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

ஐந்து வருஷம் ஓடியது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் அவளுக்குப் பட்டன்மேல் அப்படி என்று தெருவில் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெவ்வுக்குப் பட்டனைப் பட்டனாகவே பிடித்திருந்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை முடித்து வந்ததும் தரையில் உட்கார்ந்துவிடுவாள். காதுக்குள் கறுப்பு அழுக்கு இருக்கிறதா, பல்லில் காறை இருக்கிறதா, நகம் வளர்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். நம் சளிக்காய்ச்சல் ஃபெரெட்டுக்கு ஒட்டும். எனக்கு மூக்கு ஒழுகினால் போதும், என்னைச் சமையலறைக்குள் விடமாட்டாள்.

"என் வீட்டுல நான் டீ போட முடியாதா?"

"உனக்கு வந்தா நீ ரெண்டு நாள் முனகுவ. அவளுக்கு வந்தா செத்துப்போவா. டீய நான் கொண்டாந்து தரேன், மேல போ."

மூன்றாவது வருஷம் பட்டனின் வால் மொட்டையாகத் தொடங்கியது. முடி உதிர்கிற பருவம் என்றேன் நான். இல்லை என்றாள் அவள். டாக்டர் பெக் சோதித்துவிட்டு, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுரப்பி கெட்டிருக்கிறது, இந்த ஜாதிக்கு அடிக்கடி வருவதுதான் என்று சொல்லி, தோலுக்கடியில் அரிசி மாதிரி ஒரு மருந்தைச் செருகினார். இரண்டு மாதத்தில் முடி வந்துவிட்டது. பெவ் கண்டுபிடித்தாள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அதையும்தான் கதையில் சேர்த்திருக்கலாம்.

ஐந்தாவது வருஷம் இலையுதிர்காலத்தில் அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

"கார்ல், இவ சுவத்தப் பாத்துக்கிட்டே நிக்கிறா."

"சுவத்துல ஏதாவது இருக்கும்."

"பின்னங்கால இழுக்கிறா. நேத்து படியேற முடியாம நின்னா. வாய வேற முன்னங்காலால சொறிஞ்சுக்கிட்டே இருக்கா."

"அஞ்சு வயசாச்சு. உனக்கும் எனக்கும் முட்டி வலிக்கல?"

நகரசபை வாடகைக்கு விடும் காய்கறித் தோட்டத்தில் க்ளிஃப்பைக் கேட்டேன். க்ளிஃப் கொட்டகையில் இருபது ஃபெரெட் வைத்திருப்பவன், பட்டனைக் கொடுத்தவனும் அவன்தான்.

"சுவத்தப் பாக்குதா?" என்றான். "எங்க வீட்டுல நானும்தான் பாக்குறேன். எனக்கு யாரு வைத்தியம் பாத்தா? கெழடு தட்டுனா அப்படித்தான் இருக்கும். உன் பொண்டாட்டிக்கு அந்த ஷூ இன்னும் பத்துதான்னு கேளு."

நான் வீட்டுக்கு வந்து பட்டனுக்கு மால்ட் பசையை விரலில் தடவிக் கொடுத்தேன். இனிப்பு, அதற்கு உயிர். ஐந்து நிமிஷத்தில் துள்ளிக் குதித்தது. "பாத்தியா?" என்றேன் பெவ்விடம். அன்றிலிருந்து அது சோர்ந்தபோதெல்லாம் பசை கொடுத்தேன். துள்ளும், பிறகு முன்னைவிடச் சோர்ந்து படுக்கும். துள்ளியதை மட்டும் நான் பார்த்தேன். படுத்ததைப் பெவ் பார்த்தாள்.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட காட்டப்போறேன்" என்றாள்.

"காட்டு. போறப்ப நல்ல டிரெஸ் போட்டுக்கிட்டுப் போ."

அந்தத் திங்கட்கிழமை அவள் போகவில்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. நான் ஆறரைக்கு வந்து படுத்தேன். ஏழேகால் இருக்கும், பெவ் கட்டில் பக்கத்தில் நின்றாள். கேன்டீன் சீருடை, மேலே கோட்டு. கையில் பட்டன். அரைக்கண்ணால் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

"கார்ல், எழுந்திரு. இவ எழுந்திரிக்க மாட்டேங்கிறா."

"தூங்குது."

"மூக்குல ஊதிட்டேன். காதுல கூப்பிட்டேன். பத்து நிமிஷமா உலுக்குறேன்."

"பிணத்தூக்கம். உனக்குத் தெரியாததா?"

"வாயோரம் ஈரமா இருக்கு. எச்சில் ஒழுகுது. இது வேற மாதிரி இருக்கு, கார்ல். ஒரு நிமிஷம் கண்ணத் தொறந்து பாரேன்."

நான் கண்ணைத் திறக்கவில்லை. பன்னிரண்டு மணிநேரம் அடுப்பு வாயில் நின்றுவிட்டு வந்திருந்தேன். அது காரணமில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

"கவுன எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன். "பஸ் ஸ்டாப்புல எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க."

அவள் "சரி" என்றாள்.

கீழே போனாள். பட்டன் தூங்குவதற்காகக் கட்டியிருந்த ஊஞ்சல்துணியில் படுக்கவைத்துப் போர்த்தியிருக்கிறாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு மணிக்கு எழுந்தேன். போனில் பெவ் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள். சத்தத்தை அணைத்துவிட்டுப் படுப்பது என் வழக்கம். டீ போடலாம் என்று கீழே இறங்கினால் ஊஞ்சல்துணி ஆடிக்கொண்டிருந்தது. எழுந்துவிட்டது என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே நாலு காலும் தண்ணீரில் நீந்துகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. பல் கிட்டியிருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது.

ஃப்ரிட்ஜ் கதவில் பெவ் எப்போதோ ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள். விஷம் தின்றால் என்ன, வெயில் தாக்கினால் என்ன, வலிப்பு வந்தால் என்ன என்று வரிசையாக. நான் அதைப் படித்ததே இல்லை. வலிப்பு என்ற இடத்தில், 'ஈறில் துளி தேன், விரலைக் கடிக்கவிடாதே, உடனே டாக்டர்' என்று எழுதியிருந்தது. தடவினேன். தூக்கிக்கொண்டு ஓடினேன். காலில் ஒன்றும் இல்லை, உடம்பில் பனியனும் தூங்கும் கால்சட்டையும். பஸ் ஸ்டாப்பில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருவர் எனக்காக ரோட்டில் இறங்கி, வந்த காரை நிறுத்தி வழிவிட்டார்.

டாக்டர் பெக் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை இருக்கவேண்டிய அளவில் கால்வாசிகூட இல்லை. காலில் ஊசி ஏற்றிக்கொண்டே பேசினார். கணையத்தில் சின்னச் சின்னக் கட்டிகள். தேவையில்லாமல் இன்சுலினைக் கொட்டுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை விழுகிறது. சுவரைப் பார்ப்பது, காலை இழுப்பது, வாயைச் சொறிவது எல்லாம் அதுதான்.

"இனிப்பு ஏதாவது கொடுத்தீங்களா?"

"பசை."

"அது நெருப்புல எண்ணெய். ஏறின வேகத்துல இன்னும் கீழ விழும்." திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "எப்போலேர்ந்து மயக்கத்துல இருக்கா?"

"தெரியல" என்றேன்.

அப்போது பெவ் வந்தாள். வீடு காலியாக இருந்ததைப் பார்த்து நேராக இங்கே வந்திருக்கிறாள். கேன்டீன் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, கையில் மாவு. டாக்டர் அவளிடமும் கேட்டார். "காலைல எப்படி இருந்தா?"

பெவ் என்னைப் பார்த்தாள். என் வெறுங்காலைப் பார்த்தாள்.

"தூங்கிட்டிருந்தா" என்றாள்.

பட்டன் அன்று சாகவில்லை. செத்திருந்தால் கதை சின்னதாகியிருக்கும். மூளை நெடுநேரம் சர்க்கரை இல்லாமல் கிடந்ததால் ஒரு கண் போய்விட்டது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது, நடந்தால் வட்டமாகத்தான் நடந்தது. முன்பே வந்திருந்தால் அறுவை செய்து பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லவில்லை. இனி அறுவை தாங்காது என்று மட்டும் சொன்னார். அந்த 'இனி' எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

காலையும் மாலையும் ஸ்டீராய்டு. நாலு மணிநேரத்துக்கு ஒருதரம் அரைத்த கோழிக்கறி, ராத்திரியிலும். வலிப்பு வந்தால் தடவும் துளி தேன் தவிர இனிப்பு கூடவே கூடாது. நான் ரொட்டி ஆலையில் சொல்லிவிட்டு வேலையை விட்டேன். மேனேஜர், "ஒரு ஃபெரெட்டுக்காகவா?" என்றான். ஆமாம் என்றேன். பிற்பகலில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை கிடைத்தது.

மருந்தும் தீனியும் எங்களால் முடிந்தது. முடியாமல் போனது தூக்கம். பட்டனுடைய தூக்கத்தைச் சொல்கிறேன். அது கண் அசந்து ஐந்து நிமிஷம் ஆனால் பெவ் போய் மூக்கில் ஊதுவாள். அசையாவிட்டால் தூக்குவாள், உலுக்குவாள், காதுக்குள் பெயரைச் சொல்லுவாள். ஒற்றைக் கண்ணைத் திறக்கும். கீழே விடுவாள். பதினைந்து நிமிஷத்தில் மறுபடி. வீட்டில் அவள் இருக்கும் நேரமெல்லாம் இப்படி. ஃபெரெட்டுக்குத் தெரிந்த ஒரே சுகம் அந்த ஆழத் தூக்கம். மூன்று மாதம் அது அந்தத் தூக்கத்தைப் பார்க்கவே இல்லை.

ஒருநாள் பொறுக்காமல் சொன்னேன். "விடு பெவ். இப்பதான சாப்பிட்டா. சும்மா தூங்குறா."

அவள் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"என்ன வேணா சொல்லு, கார்ல். அத மட்டும் நீ சொல்லாத."

அதற்கப்புறம் நான் சொல்லவில்லை. அவள் கேன்டீன் போன நேரத்தில், நான் வீட்டிலிருந்தால், நானும் போய் ஊதினேன்.

பிப்ரவரியில் வயிறு ஊதி, தோல் காகிதமாகிவிட்டது. மருந்தை இரண்டு முறை கூட்டினார்கள். மருந்துக்கும் தீனிக்கும் நடுவிலேயே வலிப்பு வரத் தொடங்கியது. இனிக் கூட்ட இடமில்லை, ஊசி போட்டு அனுப்பிவைப்பது எப்போது என்பதை நீங்கள் சொல்லுங்கள், உங்களைவிட அவளை யாருக்கும் தெரியாது என்றார் டாக்டர் பெக்.

சனிக்கிழமை காலை. சமையலறைத் தரையில் பெவ் உட்கார்ந்திருந்தாள். பட்டன் மடியில். கோழிக்கறியை நாக்கில் வைத்தால் வழிந்து வெளியே வந்தது.

"நீ பாரு" என்றாள்.

"நீதான எப்பவும் பாப்ப. உனக்குத்தான் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சுது. அப்புறம் தெரியாமப்போச்சு. தூங்குறாளா, சாகுறாளா, சும்மா இருக்காளா, ஒண்ணும் புரியல. நா பாத்தா எல்லாமே சாகுற மாதிரி இருக்கு. நீ பாத்துச் சொல்லு. நீ சொன்னா நான் கேட்டுக்கிறேன்."

ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக நான் உட்கார்ந்து பட்டனைப் பார்த்தேன். ஒரு மணிநேரம் இருக்கும். என் விரல் வாசனைக்கு மூக்கு அசையவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. ஒரு முறை எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், அப்படியே விட்டுவிட்டது.

"முடிஞ்சுபோச்சு, பெவ்" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமா."

அவள் எழுந்து மேலே போனாள். வரும்போது கையில் அந்த ஊதாக் கவுன் இருந்தது. எங்கே வைத்திருந்தாளோ, மடிப்புக் கோடு கத்தி மாதிரி இருந்தது. அதில்தான் பட்டனைச் சுற்றினாள். தெருவில் நடந்தோம். ஓட ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது நான் சொன்னேன்.

"எனக்கு அப்ப ஒன்பது வயசு. அப்பாவோட ஃபெரெட்டத் தூக்கினேன், தொங்குச்சு. செத்துருச்சுன்னு அழுதுக்கிட்டே சுரங்க வாசல் வரைக்கும் ஓடினேன். கால்சட்டையோடயே ஒண்ணுக்குப் போயிட்டேன். ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவங்க மொத்தப் பேரும் பாத்தாங்க."

பெவ் நின்றாள். "இத ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொல்லியிருந்தா அப்புறம் உன் கதையில யாரு சிரிப்பா?"

அவள் கவுனை மார்போடு இறுக்கிக்கொண்டு நடந்தாள். நான் இரண்டடி பின்னால் நடந்தேன்.

டாக்டர் பெக் முதலில் மயக்க ஊசி போட்டார், பிறகு மற்றது. அதிக நேரம் ஆகவில்லை. நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். "போயிட்டா" என்றார்.

பெவ் தூக்கினாள். கழுத்து தொங்கியது, நாலு காலும் தொங்கின. அந்த முதல் தடவை தூக்கியபோதும் இப்படித்தான் தொங்கியிருக்கும். அவள் மூக்கில் ஊதினாள். பெயரைச் சொன்னாள். கொஞ்சம் உலுக்கினாள். என்னைப் பார்த்தாள்.

"சிரிக்கல?" என்றாள்.

நான் கையை நீட்டினேன். கொடுத்தாள். நானும் மூக்கில் ஊதினேன். காதுக்குள் கூப்பிட்டேன், ஒரு தடவை, இன்னொரு தடவை. இரண்டு மூன்று நிமிஷம் எடுக்கும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். டாக்டர் பெக் காதிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டு, எங்களை அவசரப்படுத்தாமல், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.